ஒரு பழைய ஆல்கோவை எங்கே வைப்பது, எப்படி வைப்பது?

ஆளூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

நம்ம கன்னியாகுமரி ஜில்லா மீட்டர்கேஜையே பார்த்ததில்லை. 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குத் தண்டவாளம் வந்தபோதே அகலப்பாதையாகத்தான் வந்தது. 1981-ல் ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்கும் பாதை திறந்தார்கள். அதிலிருந்து, 2010-க்குப் பிறகு மின்கம்பி வரும் வரைக்கும், குழித்துறையிலும் பள்ளியாடியிலும் இரணியலிலும் நாம் பார்த்து வளர்ந்தது ஆல்கோ என்று நாம் சொல்லும் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜினையும் அதன் வாரிசுகளையும்தான். பேர் தெரியாதவர்களுக்கும் சத்தம் தெரியும். வீராணி ஆளூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே, வருவது ஆல்கோவா புதுவகை டீசலா என்று எங்கள் பாட்டி சொல்லிவிடுவார்.

இப்போது அவற்றை வரிசையாகக் கண்டம் செய்து, அதாவது இனி ஓட்ட வேண்டாம் என்று கழித்து, ஏலத்தில் விடுகிறார்கள். ஒன்றையாவது நம்ம ஊருக்குக் கேட்டு வாங்க வேண்டும். கன்னியாகுமரி ஸ்டேஷன் வாசலில் ஒரு கான்கிரீட் மேடை கட்டி, பெயிண்ட் அடித்து நிறுத்தினால் நாடு முழுக்க இருந்து வருகிறவர்கள் பார்ப்பார்கள். கோட்ட அலுவலகத்துக்கும் நம்ம எம்.பி.க்கும் கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஹிம்சாகர்84

முழு ஆதரவு. நாட்டின் தென்கோடி ஸ்டேஷன். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கிளம்புவதும் அங்கிருந்துதான், திப்ரூகர் போகும் விவேக் கிளம்புவதும் அங்கிருந்துதான். அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கையெழுத்துக்கு நான் தயார்.

சின்னமுட்டம் மெக்கானிக்

தம்பி, ஆசை நல்ல ஆசை. இடம்தான் சரியில்லை.

நான் சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின் வேலை பார்க்கிறவன். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பது எனக்குத் தினசரி வேலை. கன்னியாகுமரி ஸ்டேஷனிலிருந்து கடல் நடந்துபோகிற தூரம். மூன்று பக்கமும் கடல், வருஷத்தில் பாதி நாள் பலத்த காற்று. அங்கே திறந்தவெளியில் ஒரு என்ஜினை நிறுத்தினால் முதலில் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் வரும். வெளியே பளபளப்பாக இருக்கும், விரலால் அமுக்கினால் உள்ளே போகும். தகடு தகடோடு சேரும் இடம், போல்ட் தலைக்கு அடி, கதவுக் கீல், தண்ணீர் தேங்கும் மூலை, இவைதான் முதலில் போகும். படகில் நாங்கள் சாயங்காலம் வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி எண்ணெய் தடவுகிறோம். அப்படிச் செய்தும் அரிக்கிறது. கான்கிரீட் மேடையில் ஏற்றிய என்ஜினை யார் தினமும் கழுவப் போகிறார்கள்?

கேட்பதானால் நாகர்கோவிலுக்குக் கேளுங்கள். கடலிலிருந்து கொஞ்சமாவது உள்ளே தள்ளி இருக்கிறது. முதலில் கூரை, அப்புறம் என்ஜின்.

எட்டாம்நாட்ச்

மக்களே, நான் இந்தப் பாதையில் அசிஸ்டென்டாகவும் டிரைவராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லோகோ பைலட் என்று பேர் மாறியது எல்லாம் பிற்பாடு.

நாகர்கோவில்தான் சரி. காற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த என்ஜின் தன் வித்தையைக் காட்டிய இடமே நாகர்கோவில் ஜங்ஷன்தான். திருவனந்தபுரத்திலிருந்து வந்து திருநெல்வேலி போகிற வண்டி ஜங்ஷனுக்குள் வந்தால் திசை திரும்பித்தான் வெளியே போக வேண்டும். டவுன் ஸ்டேஷன் வழியாக நேரே போகிற வண்டிக்கு அந்தக் கதை இல்லை. ஜங்ஷனுக்கு வந்தால் என்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் ஓட்டிக்கொண்டு வந்து, வண்டியின் மறுமுனையில் மாட்ட வேண்டும். பிளாட்பாரத்தில் டீ குடிக்க இறங்கிய ஜனம் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கும்.

டபிள்யூ.டி.எம்.-2-க்குக் கேபின் ஒன்றுதான். ஒரு பக்கம் குட்டையான மூக்கு, மறுபக்கம் நீளமான உடல். ஷார்ட் ஹூட், லாங் ஹூட் என்போம். கேபினுக்குள் கண்ட்ரோல் ஸ்டாண்டு இரண்டு உண்டு, எந்தப் பக்கமும் ஓட்டலாம். ஓட்டலாம் என்பது சரி, பார்க்க முடியுமா என்பது வேறு. திருவனந்தபுரத்திலிருந்து ஷார்ட் ஹூட் முன்னால் வந்திருந்தால், அதே என்ஜின் நாகர்கோவிலுக்கு அப்புறம் லாங் ஹூட் முன்னால் போக வேண்டும். கண்ணுக்கு முன்னால் அத்தனை நீள இரும்பு. அதன் ஓரமாகத் தலையைச் சாய்த்துத்தான் பாதையைப் பார்க்க முடியும். என் பக்கம் தெரியாத வளைவில் சிக்னலை அசிஸ்டென்ட் பார்த்துச் சத்தமாகச் சொல்வான், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். புகைக்குழாய் கேபினுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், காற்று நம்ம பக்கம் அடித்தால் புகை உள்ளேதான் வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை, முப்பந்தலில் நிற்கிற காற்றாலைகளே சொல்லும்.

இந்தக் கஷ்டம் தெரிந்துதான் எழுபதுகளின் கடைசியில் குட்டை மூக்கை அகலமாக்கி, பெரிய கண்ணாடி வைத்துச் சில என்ஜின் கட்டினார்கள். 17700 வரிசையில் வரும். ஜம்போ என்று சொல்வோம். கிடைக்குமானால் ஜம்போ வேண்டாம் என்பேன், சாதாரண மூக்குள்ளதே வரட்டும். அதுதான் எங்கள் வேலையைக் காட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீள உடலின் இரண்டு பக்கமும் நடைபாதை உண்டு, கைப்பிடிக் கம்பியும் உண்டு. வண்டி இழுக்கத் திணறுகிறது என்று தோன்றினால், ஓடும்போதே அசிஸ்டென்ட் அந்த நடைபாதையில் போய் என்ஜின் கதவைத் திறப்பான். மொத்தம் 16 சிலிண்டர், வலது பக்கம் எட்டு, இடது பக்கம் எட்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் கொண்டுபோகும் உயர் அழுத்தக் குழாய்மேல் விரலை வைத்துப் பார்ப்பான். உள்ளே டீசல் அடிக்க அடிக்க விரலுக்குத் துடிப்பு தெரியும். துடிக்காத குழாய் எதுவோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. காதுக்குள் அத்தனை இரைச்சல், முகத்தில் அனல், முதுகில் கணவாய்க் காற்று. திரும்பி வந்து “லெஃப்ட் அஞ்சு” என்று விரலைக் காட்டுவான். இதை நான் பல தடவை செய்திருக்கிறேன், என்னிடம் அசிஸ்டென்டாக இருந்தவர்களையும் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு என்ஜினைக் காப்பாற்றுவது என்றால் இந்த விரல் வித்தையும் சேர்ந்துதான். வெறும் கூட்டைப் பெயிண்ட் அடித்து நிறுத்தினால் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

ஆளூர்க்காரன்

அண்ணாச்சி, ஸ்டேஷனில் அந்த என்ஜின் சுற்றலைச் சின்ன வயதில் பலமுறை பார்த்திருக்கிறேன். கேபினுக்குள் இப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. கன்னியாகுமரி யோசனையை விட்டுவிடலாம் என்று படுகிறது. ஹிம்சாகர் அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?

ஹிம்சாகர்84

சின்னமுட்டம் அண்ணன் சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் நாகர்கோவில் ஜங்ஷனில் வெளியூர்க்காரர் யார் நின்று பார்ப்பார்கள்? வண்டி பிடிக்க ஓடுகிறவர்கள்தான் வருவார்கள். அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது.

பணகுடி பாசஞ்சர்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை, மன்னிக்கவும். அந்த என்ஜின் கக்கிய கரும்புகையில் தினமும் காலேஜுக்குப் போனவன் நான். முதல் பெட்டியில் ஏறினால் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகும். மின்சார வண்டி வந்தது நல்லது. வீடியோவும் படமும் எவ்வளவோ இருக்கின்றன. 112.8 டன் இரும்பும் தாமிரமும் ஏலத்தில் போனால் ரயில்வேக்குக் காசாவது வரும். அதில் நம்ம பக்கம் பிளாட்பாரத்தில் கக்கூஸ் கட்டினால் நாலு பேருக்கு உபயோகம்.

பொன்மலை ஃபிட்டர்

பணகுடி தம்பிக்கு முதலில் பதில். புகை வந்தது உண்மை. ஏன் வந்தது என்று சொல்கிறேன், அப்புறம் நீங்கள் முடிவு பண்ணுங்கள்.

டர்போசார்ஜர் என்பது புகைவாயுவின் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்கு அதிகக் காற்றை அமுக்கிக் கொடுக்கிற சாதனம். நின்ற வண்டியை எடுக்க டிரைவர் நாட்ச்சை, அதாவது சக்திப் படியை, ஏற்றுகிறார். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் உடனே டீசலைக் கூட்டிவிடும். டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் டீசல் அதிகம், காற்றுக் குறைவு; முழுசாக எரியாமல் கருப்பாக வெளியே வரும். டர்போ வேகம் பிடித்ததும் புகை வெளுத்துவிடும். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போதுதான் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், அதனால் கருப்பை மட்டும் பார்த்தீர்கள். ஓடும்போதும் விடாமல் கருப்பாகக் கக்கினால் அது பராமரிப்புக் கோளாறு. இன்ஜெக்டர் நாஸில் ஒழுகும், இல்லை ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லை டர்போவே கெட்டிருக்கும்.

நான் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து, இப்போது தோவாளையில் இருக்கிறேன். டர்போவைச் சோதிக்க எங்களிடம் ஒரு எளிய வழி இருந்தது. என்ஜினை அணைத்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்துவோம். பிஸ்டன் நின்றுவிடும், டர்போ மட்டும் தன் வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். மெல்லிய ஊளைச் சத்தம், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கடிகாரத்தைப் பார்த்து நிற்போம். ஒன்றரை நிமிஷத்துக்குள் நின்றுவிட்டால் பேரிங்கில் ஏதோ பிடிக்கிறது என்று அர்த்தம், கழற்ற வேண்டும். எந்த மீட்டரும் வேண்டாம், காது போதும்.

இந்த என்ஜினின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது, முதல் தொகுதி 1962-ல் கப்பலில் வந்தது. அப்புறம் வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸில் இங்கேயே கட்டத் தொடங்கினார்கள். அங்கே உருவான முதல் வண்டியை 1964 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அமெரிக்காவிலிருந்து வந்த தொகுதியைச் சேர்ந்த 18040 என்ற எண்ணுள்ள வண்டி இன்றைக்கு டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வடிவம் கொடுத்த ஆல்கோ 1969-ல் ரயில் என்ஜின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. நாம் 1998 வரை கட்டினோம். மொத்தம் 2,700-க்கும் மேல். 2,600 குதிரைத்திறன், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம், 5,000 லிட்டர் டீசல் டேங்க். பிற்பாடு அதே வடிவத்தை 3,100 குதிரைத்திறனுக்கு ஏற்றி டபிள்யூ.டி.எம்.-3ஏ ஆக்கினார்கள். பழைய 2-ஐயே பிரித்துக் கட்டி 3ஏ ஆக்கியதும் உண்டு.

ஒரு டீசல் என்ஜினுக்கு ரயில்வே வைத்திருக்கும் ஆயுள் கணக்கு 36 வருஷம். நடுவில், 18-ஆம் வருஷத்தில், முழுசாகப் பிரித்துக் கட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் 1998-ல் வெளிவந்தது 2034 வரை ஓட வேண்டியது. மின்மயமாக்கலால் ஆயுள் முடியும் முன்னாலேயே கண்டமாகிறது. ஆக, காப்பாற்றக் கேட்பது செத்த வண்டியை இல்லை. ஷெட்டில் நல்ல நிலையில் நிற்கிற வண்டியைக் கேட்கலாம். இதுதான் இப்போது நமக்குள்ள வாய்ப்பு, இது ரொம்ப நாள் இருக்காது.

சின்னமுட்டம் மெக்கானிக்

பொன்மலை அண்ணாச்சி, உதிரி பாகம் கிடைக்குமா? படகு என்ஜினில் எங்களுக்குப் பெரிய தலைவலி அதுதான். கம்பெனி மாடலை நிறுத்தினால் அடுத்த சில வருஷத்தில் பிஸ்டன் ரிங்குக்கே அலைய வேண்டியிருக்கிறது.

பொன்மலை ஃபிட்டர்

இன்றைக்குக் கிடைக்கும். 251 என்பது என்ஜின் குடும்பத்தின் பேர். டபிள்யூ.டி.எம்.-2-ல் இருப்பது அதுதான். அதற்கு அப்புறம் வந்த 3ஏ, 3டி, சரக்கு இழுக்கும் டபிள்யூ.டி.ஜி.-3ஏ எல்லாமே அதே குடும்பம். லைனர், பிஸ்டன், வால்வு, இன்ஜெக்டர் என்று நிறைய பாகம் ஒன்றுக்கொன்று பொருந்தும், இல்லை கொஞ்சம் மாற்றிப் பொருத்தலாம். மீட்டர்கேஜில் ஓடிய ஒய்.டி.எம்.-4-ம் அதே குடும்பம்தான், 6 சிலிண்டர். குன்னூருக்கு மேலே ஊட்டி மலை ரயிலை இழுப்பது அந்த ஒய்.டி.எம்.-4.

ரயிலை விட்டு வெளியேயும் 251 உண்டு. சாட்டர்ன் 5 ராக்கெட்டை ஏவுதளத்துக்குச் சுமந்துகொண்டு ஊர்ந்த நாசாவின் பிரம்மாண்ட கிராலர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்ததும் ஆல்கோவின் 16 சிலிண்டர் 251 தான். வண்டிக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 2,750 குதிரைத்திறன். நம்ம ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜினைச் சோதிக்கிறது. அந்த மலை அடிவாரத்தில் வண்டி இழுத்ததும், நிலவுக்குப் போன ராக்கெட்டைச் சுமந்ததும் ஒரே குடும்பம். இதை நம்ம பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இரணியல் டீச்சர்

அண்ணாச்சி, இந்த ராக்கெட் விஷயத்தை நாளைக்கே எட்டாம் வகுப்பில் சொல்லப் போகிறேன்.

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள், அதனால் பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. வெளியூர் போனபோது ஒரு இடத்தில் மேடை ஏற்றி வைத்த பழைய என்ஜினைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இடத்தின் பேர் வேண்டாம். கதவெல்லாம் வெல்டிங் வைத்து மூடியிருந்தது. எழுத்து, எண், கம்பெனித் தகடு எல்லாவற்றின் மேலும் ஒரே பெயிண்ட். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். என்னால் வாயால்தான் சொல்ல முடிந்தது. டீசல் எரிந்து சக்கரம் நேரடியாகச் சுற்றுகிறது என்றுதான் பெரியவர்களே பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டீசல் என்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, ஜெனரேட்டர் மின்சாரம் கொடுக்கிறது, ஆறு அச்சிலும் ஆறு மோட்டார் இருந்து சக்கரத்தைத் திருப்புகிறது என்று சொன்னால், “அப்போ இதுவும் மின்சார என்ஜின்தானா டீச்சர்?” என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி அது.

இந்த மூன்றையும் கண்ணால் பார்க்கிற மாதிரி வைக்க முடியுமா?

பொன்மலை ஃபிட்டர்

முடியும் டீச்சர். என்ஜினை வெட்ட வேண்டாம். கழித்துப் போட்ட உதிரி பாகத்தைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். ஒரு லைனர், ஒரு பிஸ்டன், கனெக்டிங் ராடு, சிலிண்டர் ஹெட். லைனரைப் பாதியாக அறுத்து மேசைமேல் நிறுத்தினால் பிஸ்டன் எப்படி மேலும் கீழும் போகிறது என்று கையால் தள்ளிப் பார்க்கலாம். விட்டம் 228 மில்லிமீட்டர், ஓட்டம் 267 மில்லிமீட்டர். தன் பைக்கின் பிஸ்டனைப் பார்த்த பையன் இதைப் பார்த்தால் வாயைப் பிளப்பான். ஒரு டிராக்‌ஷன் மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சர் கிடைத்தால் இன்னும் நல்லது. கதவுகளுக்கு உள்பக்கம் கம்பி வலை வைத்து, கதவைத் திறந்து வைக்கலாம். பார்க்கலாம், கை வைக்க முடியாது, திருடவும் முடியாது. தாமிரத்துக்கு என்றே ஆள் வரும், அதை மறக்காதீர்கள்.

பணகுடி பாசஞ்சர்

புகைக்கு விளக்கம் சொன்னதற்கு நன்றி. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் என் கேள்வி காசு பற்றியது. வாங்கி நிறுத்துவது ஒருமுறைச் செலவு. அப்புறம்? இதை ஓட வைக்க வேண்டும் என்று வேறு சொல்லப் போகிறீர்கள் என்று தெரிகிறது. மெயின் லைனில் ஓட்ட எத்தனை அனுமதி, எத்தனை சோதனை!

எட்டாம்நாட்ச்

மெயின் லைனில் ஓட்ட நான் கேட்கவில்லை தம்பி. இங்கிலாந்தில் டெல்டிக் என்று ஒரு டீசல் வகை உண்டு. 22 கட்டினார்கள், ஆறு இன்றைக்கும் இருக்கின்றன. காப்பாற்றியதில் பெரும்பங்கு ஆர்வலர்களுடையது, தங்கள் காசில். நம்ம நாட்டில் நீராவிக்கு ரேவாரி ஷெட் இருக்கிறது, இன்றைக்கும் அங்கே நெருப்பு மூட்டுகிறார்கள். டீசலுக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை, ஆனால் அது நம்ம ஜில்லா கையில் இல்லை.

நான் கேட்பது சின்னது. ஸ்டார்ட் ஆகிற நிலையில் வைத்திருங்கள். ஷெட் போட்ட ஒரு லைன், அதில் முன்னும் பின்னும் நகர ஐம்பது அறுபது மீட்டர் தண்டவாளம். மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, சூடு ஏறும் வரை ஐடிலில் விட்டு, கொஞ்சம் நகர்த்தி, அணைக்க வேண்டும். அதைப் பார்க்க ஜனம் வரும். ஹிம்சாகர் தம்பி கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில். நிற்கிற இரும்பைப் பார்க்க யாரும் நாகர்கோவில் வர மாட்டார்கள். ஆல்கோ ஸ்டார்ட் ஆகிறது என்று நாள் குறித்துச் சொல்லுங்கள், கொல்லத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வருவார்கள்.

மேடை கட்டினால் அது சமாதிதான். தண்டவாளத்தோடு தொடர்பு போன என்ஜினை மறுபடி எடுக்க முடியாது.

ஹிம்சாகர்84

அண்ணாச்சி, மனதை மாற்றிவிட்டீர்கள். அந்த ஸ்டார்ட் சத்தத்தை யோசித்தாலே போதும். அப்போதெல்லாம் யார்டில் ராத்திரி முழுக்க அணைக்காமலேயே விட்டிருப்பார்களே, அது ஏன்?

எட்டாம்நாட்ச்

பயம்தான். இந்த என்ஜினுக்குத் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பேட்டரியிலிருந்து பெரிய ஜெனரேட்டருக்கே மின்சாரம் கொடுத்து, அதை மோட்டாராக ஓட்டி, கிராங்க் ஷாஃப்டைச் சுற்ற வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆயில் பிரஷர் ஏறுகிற வரை விடக் கூடாது. பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தாலும் சுற்றாது. அணைத்துவிட்டுக் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போனால் வண்டி தாமதம், விளக்கம் கேட்டுக் கடிதம். அதனால் அணைக்காமல் விடுவார்கள். டீசல் வீண்தான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. பிற்பாடு அதைக் குறைக்கத் துணை என்ஜின் வைத்த மாடல்கள் வந்தன.

பொன்மலை ஃபிட்டர்

ஸ்டார்ட் பற்றிப் பேச்சு வந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன். நாளைக்கு யாராவது ஆர்வத்தில் பட்டனை அழுத்திவிடக் கூடாது.

மாசக்கணக்கில் நின்ற என்ஜினை நேரே ஸ்டார்ட் செய்தால் உடையும். சிலிண்டர் ஹெட்டில் விரிசல் இருந்தாலோ, புகைக்குழாய் வழியாக மழை இறங்கியிருந்தாலோ, பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் நிற்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும், இல்லை ஹெட் போகும். அதனால் முதலில் 16 சிலிண்டரிலும் டெஸ்ட் வால்வைத் திறந்து வைத்து, கிராங்க் ஷாஃப்டைக் கையால் முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது தண்ணீர் துப்பினால் அங்கேயே நிறுத்து. லூப் ஆயிலை, அதாவது மசகு எண்ணெயை, எடுத்துப் பார், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

அடுத்தது மின்சாரப் பக்கம். ஜெனரேட்டர், மோட்டார் சுருளில் ஈரம் ஏறியிருக்கும். நம்ம ஊர்க் காற்றில் ஏறாமல் இருக்காது. மெக்கர் என்ற மீட்டர் வைத்து இன்சுலேஷன் பார்க்காமல் கரண்ட் விடக் கூடாது. ஈரம் இருந்தால் உள்ளே பெரிய குண்டு பல்புகளை எரியவிட்டுக் காய வைப்போம். பழைய முறை, இன்றைக்கும் வேலை செய்யும். கம்யூட்டேட்டர் பச்சை பூத்திருந்தால் துடைக்க வேண்டும், கார்பன் பிரஷ் அதன் கூட்டில் தடையில்லாமல் அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரே இடத்தில் நின்றால் சக்கர பேரிங்கில் உருளைகள் ஒரே புள்ளியில் அமுங்கிப் பள்ளம் விழும். அதனால்தான் நகர்த்தச் சொல்கிறார் அண்ணாச்சி. ஓடாத மாதங்களில் கூலிங் தண்ணீரில் துருத் தடுப்பு மருந்து கலந்திருக்க வேண்டும், இல்லை முழுசாக வடித்துவிட வேண்டும். பாதி வடித்து விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

ரொம்பப் பழைய என்ஜின்களில் புகைக்குழாய்மேல் சுற்றியிருப்பது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கு வரும் முன்னால் அதைச் சோதித்து, இருந்தால் முறைப்படி எடுக்க வேண்டும். இதைக் கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

இரணியல் டீச்சர்

இதை யார் செய்வார்கள்? உங்களுக்கும் எட்டாம்நாட்ச் அண்ணாச்சிக்கும் உடம்பு முடிகிற வரை சரி. அதற்கு அப்புறம்?

நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய செய்முறைப் பாடம் இந்த ஜில்லாவில் எங்கே கிடைக்கும்? ரயில்வேயிடம் என்ஜினைக் கேட்கும்போதே கல்லூரியையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். ஓய்வு பெற்ற உங்களைப் போன்றவர்கள் சொல்லித் தர, பிள்ளைகள் செய்யட்டும். நீங்கள் சொல்கிற எல்லாவற்றையும் வீடியோவாக, தமிழில், இப்போதே எடுத்து வைக்க வேண்டும். அந்த விரல் வித்தையை எந்தக் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள்?

எட்டாம்நாட்ச்

பழுது பார்க்கும் கையேடு எங்களிடம் உண்டு, எல்லாம் ஆங்கிலத்தில். மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். ஆனால் குழாயில் எந்த அளவு துடிப்பு சரியான துடிப்பு என்று அதில் இருக்காது. அது பக்கத்தில் நின்று கையைப் பிடித்து வைத்தால்தான் வரும். டீச்சர் சொல்வது எனக்குச் சம்மதம். கேமராவோடு யாராவது வாருங்கள், நான் பேசுகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் திருவனந்தபுரத்திலும் எர்ணாகுளத்திலும் இருக்கிறார்கள், மலையாளத்திலும் தமிழிலும் கலந்துதான் பேசுவார்கள். அவர்களையும் கூப்பிடலாம்.

பணகுடி பாசஞ்சர்

காலேஜ் பிள்ளைகளுக்குப் பாடம் என்றால் என் எதிர்ப்பு பாதி போய்விட்டது. கக்கூஸ் கோரிக்கையை மட்டும் விடமாட்டேன், அதற்குத் தனியாக மனு போடுவேன். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன். மெக்கர் பிடிக்க ஆள் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

ஆளூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. கடிதத்தை மறுபடி எழுதிவிட்டேன். கன்னியாகுமரி வாசலை எடுத்துவிட்டு, நாகர்கோவில் ஜங்ஷன் அருகில் ஓடுபாதையோடு இணைந்த ஒரு லைன், கூரையோடு, என்று போட்டிருக்கிறேன். சாதாரண மூக்குள்ள டபிள்யூ.டி.எம்.-2, ஷெட்டில் இயங்கும் நிலையில் இருக்கும்போதே ஒதுக்கித் தர வேண்டும், பாகங்களைக் கழற்றாமல் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். கழித்த பிஸ்டன், லைனர், ஹெட் தனியாக. ஆஸ்பெஸ்டாஸ் சோதனை. எண், தகடு, எழுத்து எதையும் பெயிண்டால் மூடக் கூடாது. கோணம் கல்லூரிகளிடம் டீச்சர் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு சந்தேகம். கூரைக்கு அனுமதி தாமதமானால், என்ஜினை முதலில் வாங்கி வெளியே நிறுத்திவிட்டு, கூரையை அப்புறம் போடலாமா? நிறைய பேர் தனிச்செய்தியில் அப்படிச் செய்யச் சொல்கிறார்கள். கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று.

சின்னமுட்டம் மெக்கானிக்

கூடாது தம்பி. அப்புறம் போடலாம் என்ற கூரை வராது. ஷெட்டிலேயே ஒதுக்கி, நம்ம பேரில் எண்ணை எழுதி வைக்கச் சொல்லுங்கள், அங்கே கூரைக்கு அடியில் நிற்கட்டும்.

பொன்மலை ஃபிட்டர்

அதுதான் சரி. ஷெட்டில் நிற்கும்போதே புகைக்குழாயை மூடச் சொல்லிக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். தகரமும் ரப்பரும் வைத்து, மேலே கயிறு கட்டி. எடுக்கும்போது மறக்காமல் இருக்க, ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்தில் சிவப்புச் சீட்டு ஒன்று ஒட்டச் சொல்லுங்கள்: “குழாய் மூடியிருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதே.”

ஆளூர்க்காரன்

சேர்த்துவிட்டேன் அண்ணாச்சி. திங்கள்கிழமை அனுப்புகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் ஊர்ப் பேரோடு தனிச்செய்தி அனுப்புங்கள்.